கிழங்கைப் பிடுங்குவதா, விட்டுவைப்பதா? ஒரு குழுவின் முடிவை விதிகளால் கணிப்பது

சேலத்தில் எம்.சி.ஏ. கடைசி ஆண்டு படிக்கும் ஒருவரின் கேள்வி இது. "குழுக்களின் நடத்தையை நிகழ்தகவுத் தர்க்க நிரலாக்கத்தால் கணிப்பது" என்று புராஜெக்ட் தலைப்பு வாங்கிவிட்டார். நம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கும் கிழங்கு விவசாயிகளுக்கும் நடக்கும் இழுபறியை எடுத்துக்காட்டாக வைக்கலாமா, நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி முறை) போட்டால் போதாதா, இதில் எங்கே சறுக்கும் என்று கேட்கிறார்.

தாராளமாக வைக்கலாம். எங்களுக்கும் ஆத்தூர்ப் பக்கம் கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காடு (எங்கள் பக்கம் வயலைக் காடு என்போம்) உண்டு என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனையோடுதான் சொல்கிறேன், இந்தத் தலைப்புக்கு இதைவிடத் தோதான கதை அமையாது.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குச்சிக்கிழங்கு கிட்டத்தட்ட பத்து மாதப் பயிர். முற்றிய கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை சில வாரம் பொறுக்கும். பிடுங்கிவிட்டாலோ இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் காசு. ஆகவே சீசனில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காட்டுக்காரருக்கும் ஒரே கேள்வி: இன்றைக்குப் பிடுங்குவதா, நாலு நாள் விட்டுவைப்பதா? பிடுங்கிய பிறகு பேரம் பேசும் பலம் விவசாயி கையில் இல்லை. மண்ணுக்குள் இருக்கும்போதுதான் இருக்கிறது. அதுவும் அவர் ஒருவர் மட்டும் விட்டுவைத்தால் பயனில்லை. ஊரே விட்டுவைத்தால்தான் ஆலைக்கு லோடு குறையும், புரோக்கர் இறங்கி வருவார். எனவே எல்லாரும் அடுத்தவர் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவில் தொங்கும் இடத்துக்கென்றே செய்த கருவிதான் நீங்கள் எடுத்திருப்பது.

நியூரல் நெட்வொர்க் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். அதற்கு ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டு வேண்டும். உங்களிடம் இருக்கப்போவது பத்துப் பதினைந்து சீசன், அதில் நாலைந்து மறியல், செய்தித்தாள் துணுக்குகள், நாலு பெரியவர்களின் ஞாபகம். அந்த ஞாபகம் எண்ணாக இல்லை, "ஆலை வாங்குவதை நிறுத்தினால் பெரும்பாலும் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்" என்ற வாக்கியமாக இருக்கிறது. தர்க்க நிரலாக்கம் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். "பெரும்பாலும்" என்ற சொல்லைத்தான் எண்ணாக்க வேண்டும்.

தர்க்க நிரலாக்கம் என்றால் நடைமுறையில் புரோலாக் என்ற நிரல்மொழி. 1972 வாக்கில் பிரான்சின் மார்செய் நகரில் அலைன் கோல்மராவரின் குழு உருவாக்கியது. அதன் தர்க்க அடித்தளத்தில் ராபர்ட் கோவால்ஸ்கியின் பங்கு பெரிது. உண்மைக் கூற்றுகளும் விதிகளும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், அவற்றிலிருந்து விடை வருமா வராதா என்று அது தேடிச் சொல்லும். ஆனால் ஆம், இல்லை என்ற இரண்டுக்குமேல் அதற்குத் தெரியாது. 1995-ல் ஜப்பானின் தைசுகே சாத்தோ ஒரு வழி சொன்னார். விதிகளைத் தொடாதே, அடிப்படைக் கூற்றுகளை மட்டும் நிகழ்தகவோடு சுண்டிவிடு, நாணயம் சுண்டுவதுபோல. விழுந்தது விழுந்தபடி ஒரு "உலகம்" அமையும். அந்த உலகத்துக்குள் வழக்கமான தர்க்கமே நடக்கும். ஒரு விடையின் நிகழ்தகவு என்பது, அந்த விடை உண்மையாகும் எல்லா உலகங்களின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் வருவது. 2007-ல் லுக் டி ராட், ஆங்கெலிகா கிம்மிக், ஹன்னு டொய்வோனென் மூவரும் வெளியிட்ட ப்ராப்லாக் இதையே புரோலாக்கின் எளிமையோடு தந்தது. முதலில் அதை வைத்துப் பார்த்தது மனிதக் கூட்டத்தை அல்ல, அல்சைமர் நோயோடு சம்பந்தப்பட்ட மரபணுத் தொடர்புகளை. வலைப்பின்னல் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

இப்போது நம் காட்டுக்கு வருவோம். மேக்காட்டுக்காரர், கீழ்க்காட்டுக்காரர் என இரண்டே பேர். எண்கள் எல்லாம் கணக்குக் காட்டுவதற்காக நான் போட்டவை, எந்த ஊரிலும் அளந்தவை அல்ல.

0.3 :: நம்புகிறார்(ஆள்).
0.4 :: பேச்சுக்கேட்பார்(ஆள், மற்றவர்).
விட்டுவைப்பார்(ஆள்) :- நம்புகிறார்(ஆள்).
விட்டுவைப்பார்(ஆள்) :- பேச்சுக்கேட்பார்(ஆள், மற்றவர்), விட்டுவைப்பார்(மற்றவர்).

முதல் வரி: விலை ஏறும் என்று தானாகவே நம்ப 30 சதவீத வாய்ப்பு. இரண்டாவது: மற்றவரைப் பார்த்து மனம் மாற 40 சதவீதம். மூன்றாவதும் நான்காவதும் நிச்சயமான விதிகள்: ":-" குறிக்கு வலப்பக்கம் இருப்பதெல்லாம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை. கணினியில் தட்டும்போது முதல் இரண்டு வரிகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் போட்டு எழுதுங்கள், இங்கிலீஷ் எழுத்தில் தட்டுங்கள். புரோலாக்கில் பெரிய எழுத்தில் தொடங்குவது மாறி, அதாவது யாரை வேண்டுமானாலும் குறிக்கும் காலியிடம். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. "ஆள்" என்பது மாறியா, ஆத்தூர்க்காரர் ஒருவரின் பெயரா என்று அதற்குப் புரியாது.

நாலு கூற்றுகள், ஆக 16 உலகங்கள். மேக்காட்டுக்காரர் விட்டுவைக்க இரண்டு வழி: தானே நம்ப வேண்டும், அல்லது கீழ்க்காட்டுக்காரர் நம்பி இவர் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காமல் போக 0.7 பெருக்கல் 0.88, அதாவது 0.616. எனவே விட்டுவைக்க 0.384. இதுவரை யாரும் செய்துவிடுவார்கள். இருவரும் சேர்ந்து விட்டுவைக்க என்ன வாய்ப்பு? 0.384-ஐ 0.384-ஆல் பெருக்கி 0.147 என்று எக்செல்லில் போட்டால் அது தப்பு. இருவரும் தானாக நம்புவது 0.09. ஒருவர் மட்டும் நம்பி மற்றவர் பேச்சுக்கேட்பது 0.084, அது இரண்டு விதமாக நடக்கலாம். கூட்டினால் 0.258. ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுதல். கீழ்க்காட்டில் பிடுங்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் மேக்காட்டுக்காரர் விட்டுவைக்கும் வாய்ப்பு 0.384-லிருந்து 0.67-க்கு ஏறிவிடும். கூட்டம் என்றால் இதுதான். தனித்தனி ஆட்களின் சராசரியைப் பெருக்கினால் கூட்டம் கிடைக்காது. இந்த நாலு வரி நிரல் அந்த ஒட்டுதலைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, நீங்கள் தனியாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நிரலுக்குள் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. மேக்காட்டுக்காரரின் நம்பிக்கையும் கீழ்க்காட்டுக்காரரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று சாராதவை என்று எழுதியிருக்கிறோம். நம் ஊரில் அப்படியா? இருவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே ஆள் சொன்ன செய்தியைத்தான் கேட்டிருப்பார்கள். "சேகோசர்வ் டெண்டரில் ஜவ்வரிசி நல்ல விலைக்குப் போச்சாம்" என்று காலையில் ஒரு பேச்சு கிளம்பினால் மத்தியானத்துக்குள் நாலு ஊர் அதை நம்பும். (வெளியூர் வாசகர்களுக்கு: சேகோசர்வ் என்பது 1981-ல் அமைந்த ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம். ஆலைகள் அதன் வழியாக டெண்டரில் சரக்கை விற்கின்றன.) அப்படி ஒரு பொதுச்செய்தி கிளம்ப 20 சதவீத வாய்ப்பு, கிளம்பினால் இருவருமே நம்புவார்கள் என்று ஒரு கூற்றும் ஒரு விதியும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் விட்டுவைக்கும் வாய்ப்பு 0.51, இருவரும் சேர்ந்து விட்டுவைப்பது 0.41. அதாவது ஒருவர் விட்டுவைத்தால் மற்றவரும் விட்டுவைப்பது பத்துக்கு எட்டு. செய்தியை ஒரே கூற்றாக எழுதியதால் இப்படி வந்தது. அதையே ஆளுக்கொரு கூற்றாக எழுதியிருந்தால் ஒரு வதந்தி இரண்டு சாட்சியாக மாறியிருக்கும். ஒரே செய்தி இரண்டு வாய் வழியாக வந்தால் இரண்டு செய்தி ஆகாது. உங்கள் புராஜெக்டில் முக்கால்வாசித் தவறு இந்த இடத்தில்தான் வரும். இதற்கு மென்பொருள் உதவாது. ஊரைத் தெரிந்தவர்தான் "இந்த இரண்டும் ஒரே ஊற்று" என்று சொல்ல முடியும்.

பத்துப் பேரை வைத்தால் நம்பிக்கை 10, பேச்சுக்கேட்பது 90, மொத்தம் 100 கூற்றுகள். உலகங்களின் எண்ணிக்கை 2-இன் 100-ஆவது அடுக்கு. ஒவ்வொன்றாக எண்ணி முடியாது. அதனால் ப்ராப்லாக் எல்லா வழிகளையும் ஒரு முடிவுப்படமாகச் சுருக்கிவைத்துக் கணக்கிடும். அதுவும் திணறினால் ஆயிரக்கணக்கில் சுண்டிப் பார்த்து விகிதம் எடுக்கலாம். புராஜெக்ட் அளவுக்கு இந்த இரண்டாவது வழியே போதும்.

இனி, உங்கள் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் வழிகாட்டி மனதில் வைத்திருப்பது ப்ராப்லாக் மரபாக இருக்காது என்றே நினைக்கிறேன். இன்னொரு மரபு உண்டு. 1986-ல் நில்ஸ் நில்சன் நிகழ்தகவுத் தர்க்கம் பற்றி எழுதியதும், 1992-ல் ரேமண்ட் இங், வி.எஸ். சுப்ரமணியன் இருவரும் அதைத் தர்க்க நிரல்களுக்குக் கொண்டுபோனதும் அதன் வேர். சுப்ரமணியன் பிறகு அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு ஆயுதக் குழுக்களின் நடத்தையை இப்படி எழுதிப் பார்த்தார். 2008-ல் ஹிஸ்புல்லாவைப் பற்றி வந்த ஆய்வு அதில் ஒன்று. பிறகு லஷ்கர்-இ-தொய்பாவைப் பற்றியும் செய்தார்கள், அதில் "இது நடந்து இத்தனை மாதத்துக்குள் அது நடக்கும்" என்று காலத்தையும் விதிக்குள் வைத்தார்கள்.

இந்த மரபில் குழு மொத்தமும் ஒரே ஆள். உள்ளே யார் யார் பேச்சைக் கேட்டார்கள் என்ற கவலை இல்லை. சூழ்நிலை இப்படி இருந்தால் குழு இந்தச் செயலைச் செய்யும் வாய்ப்பு இந்த எண்ணிலிருந்து அந்த எண்வரை என்று விதி இருக்கும். ஒரே எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்வதுதான் இதன் நேர்மை. எந்த இரண்டு செயலும் சார்பற்றவை என்றும் இது எடுத்துக்கொள்ளாது.

நம் கதையில், விலை விழுந்து ஆலைகளும் வாங்குவதை நிறுத்தினால், சங்கம் ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடும் வாய்ப்பு 0.6 முதல் 0.8, ஊரெல்லாம் பிடுங்காமல் நிறுத்தும் வாய்ப்பு 0.5 முதல் 0.7 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து நடக்குமா? சார்பற்றவை என்று எடுத்தால் 0.30 முதல் 0.56 என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படி எடுக்க நமக்கு உரிமை இல்லையென்றால் விடை 0.1 முதல் 0.7. கீழ் எல்லை 0.6, 0.5 இரண்டையும் கூட்டி 1-ஐக் கழித்தால் வருவது. மேல் எல்லை 0.8, 0.7 இரண்டில் சிறியது. இந்த வகை எல்லைகளை 1854-லேயே ஜார்ஜ் பூல் பார்த்துவிட்டார். 0.1 முதல் 0.7 என்று விடை சொன்னால் வைவா (வாய்மொழித் தேர்வு) நடத்துபவர் சிரிக்கலாம். ஆனால் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மேரிலேண்ட் குழு "மிகச் சாத்தியமான உலகம்" எது என்று கண்டுபிடிக்கும் கணக்கைத் தீர்க்கப் பல உத்திகள் சொன்னது. செயல்கள் n இருந்தால் 2-இன் n-ஆவது அடுக்கு உலகம், ஒவ்வொன்றும் நேரியல் நிரலாக்கக் கணக்கில் (வரம்புகளுக்குள் ஓர் எண் எவ்வளவு குறையலாம், எவ்வளவு ஏறலாம் என்று தேடும் கணக்கு) ஒரு மாறி. எந்த உலகத்தின் கீழ் எல்லை அதிகமோ அதுவே வெற்றி. நம் நாலு உலகங்களில் இரண்டும் நடப்பதன் கீழ் எல்லை 0.1. முற்றுகை மட்டும், நிறுத்துவது மட்டும், ஒன்றுமே நடக்காதது, இந்த மூன்றுக்கும் கீழ் எல்லை பூஜ்யம். ஆகவே "இரண்டும் நடக்கும்" என்பதுதான் முதலிடம். ஆனால் அதற்கு இருக்கும் உத்தரவாதம் பத்தில் ஒரு பங்குதான். முதலிடம் வந்ததை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு வீச்சை மறைத்தால், படிப்பவர் அதை நிச்சயம் என்றே எடுத்துக்கொள்வார். உங்கள் அறிக்கையில் வீச்சைக் கட்டாயம் போடுங்கள்.

எனக்கு அந்த ஆய்வுகளில் உறுத்தும் இடம் வேறு. விதிகளை அவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதவில்லை. அமைப்புகளைப் பற்றித் தொகுத்த தரவிலிருந்து நிரலே தேடி எடுத்தது. ஹிஸ்புல்லா ஆய்வில் அந்தத் தரவு ஆண்டுக்கு ஒரு வரி. அப்படியானால் ஒரு குழுவுக்கு இருபது சொச்சம் வரிதான் தேறும். நூறு சூழ்நிலை மாறிகள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்க 4950 சோடி. இருபது ஆண்டில் ஐந்து ஆண்டு மறியல் நடந்தது என்று வையுங்கள். ஏதோ ஒரு சோடி மூன்று ஆண்டில் மட்டும் உண்மை. சம்பந்தமே இல்லாவிட்டாலும் அந்த மூன்றும் மறியல் ஆண்டுகளாகவே விழ 1140-க்கு 10 வாய்ப்பு. ஒவ்வொரு சோடியும் அப்படி மூன்று ஆண்டு உண்மையாக இருந்தால், 4950-இல் சுமார் 43 சோடி தற்செயலாகவே "நூற்றுக்கு நூறு விதி" ஆகிவிடும். ஏற்காட்டில் பூக்கண்காட்சியும் மல்கோவா விளைச்சலும் நன்றாக இருந்த வருஷமெல்லாம் மறியல் நடந்தது என்று ஒரு விதி கிடைக்கும், கிராப் போட்டுக் காட்டவும் செய்யலாம். பஞ்சாங்கத்துக்கும் இதற்கும் அவ்வளவு தூரம் இல்லை. இதற்குக் காவல், ஒரு ஆண்டை மறைத்துவைத்து மற்ற ஆண்டுகளில் விதி எடுத்து, மறைத்த ஆண்டைக் கணிப்பது. அப்படி ஒவ்வொரு ஆண்டுக்கும் செய்வது. அதைவிடப் பெரிய காவல், விதியைத் தரவு பார்ப்பதற்கு முன்பே ஊர்க்காரரிடம் கேட்டு எழுதுவது. நான் இரண்டாவது கட்சி.

ஏற்காடு என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்வியின் ஓரத்தில் "கோடை விழாக் கூட்டத்தையும் இதில் சேர்க்கலாமா" என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் நிற்கிறது என்றால் அங்கே குழு இல்லை, கூட்டம்தான் இருக்கிறது. யாரும் யாரையும் கேட்டு வரவில்லை. விடுமுறை நாள், வெயில், போன வருடக் கணக்கு இருந்தால் சாதாரணப் புள்ளியியலே போதும். மலையில் வண்டி நிற்பதைப் பார்த்துக் குப்பனூர் வழியில் திரும்புகிறவர்களை வேண்டுமானால் விதியாக எழுதலாம். ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவுக்குக் காரணமாகும் இடத்தில் மட்டும் தர்க்கத்தைச் செலவழியுங்கள்.

கணிப்பு வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவையுங்கள். புயலுக்குக் காது கேட்காது, சங்கத்துக்குக் கேட்கும். "அடுத்த வாரம் யாரும் பிடுங்க மாட்டார்கள்" என்ற கணிப்பு ஆலைக்காரர் காதுக்குப் போனால் அவர் இந்த வாரமே பாயிண்டுக்குக் கொஞ்சம் ஏற்றி லோடு வாங்கிவிடுவார், பிறகு யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். கணிப்பு பொய்த்தது என்று நிரலைத் திட்ட முடியாது. "கணிப்பு வெளியானது" என்பதையே ஒரு கூற்றாக எழுதி, அதை நிபந்தனையாகக் கொண்ட விதியும் வையுங்கள். அதே காரணத்துக்காக ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதுவும் அறிக்கையில் வேண்டாம். யார் யார் பேச்சைக் கேட்பார் என்ற பட்டியல் தப்பான கைக்குப் போனால், யாரை முதலில் வளைக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது.

வேலையை எப்படித் தொடங்குவது என்றால், உங்களுக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியும் என்பதால் ப்ராப்லாக்கே வசதி. எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக் என்ற புரோலாக் மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால், அதற்கு இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்து ஃபாப்ரிசியோ ரிகுட்சி செய்த சிப்லின்ட் (cplint) இருக்கிறது. பத்து விதிக்கு மேல் எழுதாதீர்கள். நடப்பு சீசனில் வாரம் ஒரு கணிப்பைத் தேதி போட்டு எழுதி மூடிவையுங்கள். நடந்த பிறகு பிரையர் மதிப்பெண் போடுங்கள். 1950-ல் வானிலைக் கணிப்பைச் சோதிக்க கிளென் பிரையர் சொன்னது. 0.7 என்று சொன்னது நடந்தால் வித்தியாசம் 0.3, அதன் வர்க்கம் 0.09. நடக்காவிட்டால் 0.49. சராசரி குறைந்தால் நல்லது. எல்லா வாரமும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே சராசரி எண்ணைச் சொல்பவரின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் போடுங்கள். அவரை உங்கள் நிரல் தாண்டவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விதிகளை வழிகாட்டிக்குக் காட்டும் முன் சீசனில் லோடு ஏற்றிவிடும் புரோக்கர் ஒருவரிடம் வாசித்துக்காட்டுங்கள். அவர் சில விதிகளைக் கேட்டுச் சிரிப்பார். அவற்றை அழிக்க வேண்டாம். "அப்படின்னா பத்துக்கு எத்தனை அண்ணா?" என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை உங்கள் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கடைசி லோடு போனதும் அவருக்கும் ஒரு பிரையர் மதிப்பெண் போட்டுவிடலாம்.